சீட்டு எண்ணி ஆடுபவர் டீலருக்கு டிப்ஸ் வைக்கலாமா?

கேசினோ சீட்டாட்டமான பிளாக்ஜாக்கில் சீட்டு எண்ண, அதாவது போன சீட்டுகளை மனதில் கணக்கு வைத்துப் பந்தயத்தை ஏற்றி இறக்க, பழகியவர்களுக்கு எந்தக் கவுண்டில் (அந்தக் கணக்கில்) எவ்வளவு பெட், எப்போது இன்சூரன்ஸ் என்னும் பக்கப் பந்தயம் எல்லாம் மனப்பாடம். சீட்டுப் போடும் கேசினோ ஊழியரான டீலருக்கு எவ்வளவு டிப்ஸ் வைப்பீர்கள் என்று கேட்டால் மட்டும் "அன்னிக்கு மனசுக்குத் தோணுறதுதான்" என்பார்கள். பலருக்கு வருமானத்தில் பாதி அந்த இடத்தில்தான் ஒழுகுகிறது.

முதலில் கணக்கு. லாஸ் வேகஸில் சாதாரண மேசை ஒன்றில் கைக்கு, அதாவது ஒரு ஆட்டத்துக்கு, சராசரி 50 டாலர் வைத்து மணிக்கு 80 கை ஆடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தப் பந்தயம் 4,000 டாலர். ஆட்டம் நல்ல ஆட்டமாக இருந்து நீங்களும் தப்பில்லாமல் எண்ணினால் உங்களுக்கு 1 சதவீதம் சாதகம் இருக்கலாம், அதாவது மணிக்கு 40 டாலர், அதுவும் பல நூறு மணி நேரம் ஆடினால்தான் கண்ணில் தெரியும் சராசரி. இப்போது பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்து நீங்களும் பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே 21) விழும்போதெல்லாம் 5 டாலர் தள்ளுகிறீர்கள். பிளாக்ஜாக் சுமார் 21 கைக்கு ஒன்று விழும். 80 கைக்கு நாலு, ஆக 20 டாலர் போச்சு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

இதில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 50 டாலருக்கு பிளாக்ஜாக் விழுந்து 75 வந்ததும் அதில் ஐந்து கொடுத்தால் என்ன என்று தோன்றும். அந்த 75 உங்கள் வருமானம் இல்லை, அடுத்த சில கைகளில் திரும்பிப் போகிற பணம். நின்று நிலைக்கிற வருமானம் அந்தக் கைக்கு அரை டாலர்தான். (75க்குப் பதில் 60 மட்டும் தரும் 6-க்கு-5 மேசை என்றால் டிப்ஸ் பற்றி யோசிக்கவே வேண்டாம், எழுந்து விடுங்கள்.)

சரி, அப்படியானால் ஒரு காசும் வைக்காமல் ஆடலாமா? நான் அதையும் சொல்ல மாட்டேன். வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் 2024 ஜூலை முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 டாலர். வேகஸ் டீலர்கள் பலருக்கு அடிப்படைச் சம்பளம் அதை ஒட்டித்தான், மீதிக் குடும்பச் செலவெல்லாம் அவர்கள் டோக் என்று சொல்லும் இந்த டிப்ஸில்தான் ஓடுகிறது. மனசு கேட்கவில்லை என்றால் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் கைச்செலவுப் பணத்திலிருந்து, எழுந்து போகும்போது. ஆட்டத்துக்கென்று ஒதுக்கிய பணத்தில் கை வைக்காதீர்கள்.

அந்த ஆட்டப் பணத்திலிருந்து கொடுப்பதென்றால் அது வியாபாரச் செலவு, பதிலுக்கு ஏதாவது வர வேண்டும். பெரிய கேசினோக்களில் ஒரு நாளின் டோக் முழுவதையும் ஒன்றாகச் சேர்த்து எல்லா டீலர்களுக்கும் பங்கு போடுவதுதான் வழக்கம், ஆகவே நீங்கள் வைத்த ஐந்தில் அவருக்குக் கிடைப்பது சில்லறை. ஆறு கட்டுச் சீட்டு வைக்கும் ஷூ என்ற பெட்டியில், எந்த இடம் வந்ததும் கலைப்பது என்று காட்டும் கட் கார்டை எங்கே செருகுவது என்பதையும் பெரும்பாலும் நிர்வாகம் முடிவு செய்கிறது. உங்களைக் கவனித்து வெளியே அனுப்புவது மேசைகளை மேற்பார்க்கும் பிட் பாஸும் மேலே கேமரா பார்ப்பவர்களும்தான். அவர்களிடம் உங்கள் ஐந்து டாலர் செல்லாது. தானியங்கிக் கலைப்பான் ஓயாமல் ஓடும் மேசையில் எண்ணுவதற்கே ஒன்றும் இல்லை, அங்கே வைக்கும் டிப்ஸ் தர்மம்.

பலன் உள்ள இடம் இரண்டு கட்டுச் சீட்டை டீலர் கையிலேயே பிடித்துப் போடும் ஆட்டம். சில இடங்களில் எப்போது கலைப்பது என்பதை டீலரே பார்த்துக்கொள்கிறார். கவுண்ட் ஏறி நிற்கிறது (மீதிச் சீட்டு உங்களுக்குச் சாதகம்), கலைக்கலாமா இன்னொரு சுற்று போடலாமா என்று அவர் கை தயங்குகிறது, அந்த நேரத்தில் அவருக்காகவும் ஒரு பந்தயம் வைத்தால் இன்னொரு சுற்று கிடைக்க வாய்ப்பு உண்டு. உங்கள் பெரிய பெட் அந்தச் சுற்றில்தான் போகப் போகிறது, அதனால் ஐந்து டாலருக்கு மதிப்பு இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் பெட்டை ஏற்றும்போது மட்டும் டிப்ஸ் வந்தால் அதுவே காட்டிக் கொடுத்துவிடும், இடையில் ஒன்றிரண்டு சும்மாவும் வையுங்கள்.

வைக்கிற விதத்திலும் பாதி மிச்சம் பிடிக்கலாம். டீலருக்கான சிப்பை உங்கள் பந்தய வட்டத்துக்கு வெளியே முன்னால் தனியாக வைத்தால், ஜெயித்ததும் அந்த ஐந்தும் வந்த ஐந்தும் அவருக்கே. அதற்குப் பதிலாக உங்கள் பந்தய அடுக்கின் மேல் வைத்து "மேலே இருக்கிறது உங்களுக்கு" என்று சொல்லுங்கள். ஜெயித்தால் வந்த ஐந்தை மட்டும் கொடுத்துவிட்டு அந்தச் சிப்பை அடுத்த கைக்கும் அப்படியே விடலாம். சுமார் 43 சதவீதக் கைகள் ஜெயிக்கும், 49 தோற்கும், மீதி சமன். முதல் முறையில் உங்களுக்கு முழு ஐந்தும் செலவு, இரண்டாவதில் தோற்கும்போது மட்டும்தான், சராசரி இரண்டரை. அவருக்குப் போவதும் பாதியாகத்தான் குறைகிறது, உண்மைதான். ஆனால் உங்களோடு சேர்ந்து எத்தனை கை ஆடினோம் என்பதுதான் அவர் மனதில் நிற்கும்.

எழும்போது கொடுப்பதென்றால் டீலர் கையில் திணிக்காதீர்கள், அவர்கள் வாங்கக் கூடாது. மேசைத் துணியில் பந்தய வட்டத்துக்கு வெளியே வைத்து உங்களுக்கு என்று சொன்னால் போதும், கேமராவுக்குக் கேட்காது, அதனால் அவரே தட்டிக் காட்டிவிட்டுப் பெட்டியில் போட்டுக்கொள்வார்.

ஊரைப் பொறுத்தும் மாறும். நெவாடாவில் மூளையை மட்டும் வைத்து எண்ணுவது குற்றமில்லை, ஆனாலும் எழுந்து போகச் சொல்லலாம். நியூஜெர்சி மாநிலத்து அட்லாண்டிக் சிட்டியில் 1982 நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு எண்ணுகிறார் என்பதற்காக வெளியேற்ற முடியாது, சீட்டைச் சீக்கிரம் கலைத்துக் கழுத்தறுப்பார்கள், அது மேலிடத்து உத்தரவாக வந்தால் டிப்ஸ் வைத்துத் தடுக்க முடியாது. ஆஸ்திரேலியாவில் மேசை டீலர்கள் டிப்ஸ் வாங்கவே கூடாது, அங்கே இந்தத் தலைவலி இல்லை.

ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம். கவிழ்த்த சீட்டைக் காட்டுவதற்கோ வேண்டுமென்றே தப்பாகப் பணம் தருவதற்கோ டிப்ஸ் கொடுத்தால் அது கூட்டுக் களவு. இருவரும் உள்ளே போவீர்கள்.

எவ்வளவு என்று என்னைக் கேட்டால், மணிக்கு எதிர்பார்க்கும் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு உச்சவரம்பு. 40 டாலர் ஆட்டத்துக்கு 4 டாலர், அதாவது அடுக்கின் மேல் வைக்கும் ஐந்து டாலர் சிப் மணிக்கு ஒன்றிரண்டு கை. ஆட்ட நோட்டில் வெற்றி தோல்விக்குப் பக்கத்திலேயே டிப்ஸுக்குத் தனிப் பத்தி போட்டு, அறைக்குத் திரும்பியதும் முதலில் அதை எழுதுங்கள், ஜெயித்த இரவில் அந்த எண் மறந்துபோகும்.