நுண்வரி பொறித்த சிலிக்கோன் பலகையைச் செய்து கடலில் சோதிக்கும் முறை

கப்பலடி, மிதவை போன்றவற்றில் கடல் உயிரிகள் ஒட்டி வளர்வதை, பரப்பில் பொறித்த நுண்வரிகளால் தடுக்க முடியுமா என்று பார்ப்பதே இந்தச் சோதனை. எந்த உயிரி ஒட்டாமல் இருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வரியின் அளவு அதைப் பொறுத்தது. புளோரிடா பல்கலைக்கழகத்தின் அந்தோணி பிரென்னன் சுறாத்தோலைப் பார்த்து வடிவமைத்த பரப்பில் மேடுகளின் அகலம் 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), இடைவெளி 2 மைக்ரான், உயரம் 3 மைக்ரான். சுமார் 5 மைக்ரான் அளவுள்ள உல்வா என்னும் பச்சைக் கடற்பாசியின் ஸ்போர்கள் (விதைபோல் பரவும் உயிரணுக்கள்) அதில் அமர இடமின்றி விலகுகின்றன. கப்பலடியில் ஒட்டி வளரும் ஓடுள்ள உயிரியான கொட்டலசின் (பார்னக்கிள்) இளவுயிரியோ ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளமுடையது என்பதால், அதைத் தடுக்க 20 மைக்ரான் அகலமும் 40 மைக்ரான் உயரமும் கொண்ட வரிகள் தேவைப்பட்டன. எல்லாவற்றையும் விரட்டும் ஒரே வரி கிடையாது.

ஒளியால் வடிவத்தைப் பதித்து அரித்தெடுக்கும் ஒளிச்செதுக்கு முறையில் வரி பொறித்த சிலிக்கான் தகடே (மின்னணுச் சில்லுகள் செய்யும் கடினப் பொருள்; ரப்பர் போன்ற சிலிக்கோன் வேறு) பலகையை வார்க்கும் அச்சு. இந்த வசதியுள்ள ஆய்வகத்தில் அதைச் செய்து வாங்கி, வார்ப்பு ஒட்டாதிருக்க ஃபுளோரோசிலேன் என்னும் வேதிப்பொருளின் ஆவி பூசிக்கொள்ளுங்கள். பி.டி.எம்.எஸ். (பாலிடைமெதில்சிலாக்சேன்) எனும் திரவச் சிலிக்கோனையும் அதன் இறுக்கியையும் எடையில் 10-க்கு 1 என்று கலந்து, வெற்றிடக் கலனில் குமிழிகள் முழுவதும் அடங்கும்வரை வைத்து, அச்சில் ஊற்றி, 65 டிகிரி செல்சியஸில் 4 மணி நேரம் வையுங்கள். ரப்பர் கையுறை வேண்டாம்; அதிலுள்ள கந்தகம் பட்ட இடம் எவ்வளவு நேரமானாலும் பிசுபிசுப்பாகவே நிற்கும். வினைல் கையுறை போதும். இறுகியதும் ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரியுங்கள்.

அதே கலவையில், அதே தடிமனில், வரியில்லாத பலகை ஒன்றையும் கட்டாயம் வார்க்க வேண்டும். சிலிக்கோன் இயல்பாகவே உயிரிகளை இறுகப் பற்றவிடாத பொருள் என்பதால், வரியால் வந்த பயன் எவ்வளவு என்பதை இந்த ஒப்பீடு இல்லாமல் பிரித்தறிய முடியாது. தடிமன் மாறினாலும் கணக்குக் கெடும்: மெல்லிய படலத்திலிருந்து கொட்டலசைப் பெயர்ப்பது கடினம். வெறும் பி.வி.சி. பலகை ஒன்றையும் சேர்த்தால், அந்த இடத்தில் இளவுயிரிகள் வந்தனவா என்பதே தெரிந்துவிடும்.

நீர் ஒட்டாத இந்தப் பரப்பை நேராகக் கடலில் இறக்கினால், பள்ளங்களில் காற்று சிக்கி, சாய்த்துப் பார்த்தால் வெள்ளி போல் மின்னும். அந்தக் காற்றும் உயிரிகளைத் தடுக்கக்கூடும் என்பதால் முடிவு நம்பத்தக்கதாக இராது. முதலில் எத்தனாலில் நனைத்து, பிறகு நல்ல நீரில் அலசி, ஈரம் காயாமல் இறக்குங்கள்.

பலகைகளை ஒரே ஆழத்தில், எது எங்கே என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்து தொங்கவிட்டு, வாரந்தோறும் துடைக்காமல் படமெடுங்கள். ஓரங்களில் ஒட்டியவற்றை எண்ண வேண்டாம். வளர்ந்த கொட்டலசின் அடிப்பகுதியை விசையை அளக்கும் கருவியான விசைமானியால் பக்கவாட்டில் தள்ளி, அது பெயரும் விசையை அடிப்பரப்பால் வகுத்தால் ஒட்டுவலிமை கிடைக்கும். ஓடு உடைந்து அடித்தட்டு பலகையிலேயே தங்கினால் அந்த அளவீட்டைத் தள்ளிவிடுங்கள்.

நாளடைவில் பாக்டீரியாவும் டயட்டம் என்னும் ஒருசெல் பாசியும் சேர்ந்த வழுவழுப்புப் படலம் பள்ளங்களை நிரப்பிவிடும். ஆகவே அசையாமல் நிற்கும் மிதவைக்கு வரியை மட்டும் நம்புவது, என் கருத்தில், வீண்செலவு. ஓடும் கப்பலில் நீரோட்டமே கொஞ்சம் கழுவிக்கொடுக்கும். சென்னைக் கடற்கரையில் சோதிப்பவர்கள் பருவத்தையும் குறித்துவைக்க வேண்டும்: வடகிழக்குப் பருவமழையில் கரையோர நீரின் உவர்ப்புக் குறைவதால், அக்டோபரில் இறக்கிய பலகையை மார்ச்சில் இறக்கியதோடு ஒப்பிடக் கூடாது.