மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் பைனாகுலரில் பறவை பார்ப்பது எப்படி?

பணி ஓய்வு பெற்றதும் பிள்ளைகள் ஆசையாக ஒரு பைனாகுலர் வாங்கித் தருவார்கள். நாமும் எடுத்துப் பார்ப்போம். எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும், கண் வலிக்கும். "எனக்குக் கண் போச்சு" என்று அலமாரியில் வைத்துவிடுவோம். கண்ணும் போகவில்லை, கருவியும் கெடவில்லை. நம் கண்ணுக்கு ஏற்றபடி அதை இன்னும் பொருத்தவில்லை, அவ்வளவுதான்.

1. எதை வாங்குவது

8×32 போதும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். கடைக்காரர் 10×42-ஐ நீட்டுவார். பத்து மடங்கு என்றால் கைநடுக்கமும் பத்து மடங்கு. 8×42 நல்லதுதான், ஆனால் அரை மணி நேரத்தில் கழுத்து சொல்லிவிடும். 32-ஐ எட்டால் வகுத்தால் 4. அந்த அகலத்துக்குத்தான் வெளிச்சம் கண்ணுக்குள் வரும். அறுபதைத் தாண்டிய பலருக்குப் பகலில் கண்மணி அந்த அளவுக்குக்கூட விரியாது. மிச்ச எடையை வீணாக எதற்குச் சுமக்க வேண்டும்?

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் ஐ ரிலீஃப், அதாவது கண்ணை வில்லையிலிருந்து எவ்வளவு தள்ளி வைத்தாலும் காட்சி முழுதாகத் தெரியும் என்ற தூரம், 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் விற்கும் 20×50 வேண்டவே வேண்டாம்.

2. கண்ணுக்குப் பொருத்துவது

பலரும் சிக்கிக்கொள்வது இங்கேதான். நானும் இதில்தான் மாட்டிக்கொண்டு முழித்தேன். நிதானமாகச் செய்யுங்கள்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். கண் வைக்கும் இடத்திலுள்ள ரப்பர் வளையங்களை முழுதும் உள்ளே திருகிவிடுங்கள். நடு மூட்டை மடக்கி விரித்து, இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகும்வரை சரிசெய்யுங்கள்.

இப்போது எதிர் வீட்டுச் சுவரிலோ தெருமுனையிலோ எழுத்துள்ள பலகை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வலது குழாயின் முன்புறத்தை உள்ளங்கையால் மூடுங்கள். வலக் கண்ணை மூடாதீர்கள். ஒரு கண்ணைச் சுருக்கினால் மற்றதும் சேர்ந்து சுருங்கும். இடக் கண்ணுக்கு எழுத்து கூர்மையாகும்வரை நடுச் சக்கரத்தைத் திருப்புங்கள்.

அப்புறம் இடது குழாயை மூடுங்கள். இனி நடுச் சக்கரத்தைத் தொடக் கூடாது. வலது கண் பக்கம் பிளஸ், மைனஸ் குறி போட்ட ஒரு மெல்லிய வளையம் இருக்கும். அதுதான் டயாப்டர். பலர் அதை ஏதோ அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். வலக் கண்ணுக்கு எழுத்து தெளிவாகும்வரை அதை மட்டும் திருப்புங்கள். இரண்டு கண்ணாலும் பாருங்கள். பலகை சட்டென்று எழுந்து நிற்கும்.

டயாப்டர் வளையம் நிற்கும் அந்த இடத்தில் நகச்சாயத்தால் ஒரு புள்ளி வையுங்கள். பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டில் இது கட்டாயம். இனிமேல் நடுச் சக்கரம் மட்டும்தான்.

3. பறவையைப் பிடிப்பது

பறவையைக் கண்ட பிறகு குனியாதீர்கள். பார்வையை அதன்மேலேயே வைத்துக்கொண்டு கருவியைக் கண்ணுக்குத் தூக்குங்கள். வாசல் மின்கம்பியில் உட்காரும் மைனாவை வைத்துப் பழகலாம். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது.

4. எங்கே, எப்போது

பினாங்கில் இருப்பவர்களுக்குத் தண்ணீர்மலைக் கோயிலைத் தாண்டியதும் வரும் தாவரவியல் பூங்காதான் என் சிபாரிசு. 1884-இல் தொடங்கிய தோட்டம், நுழைவுக் கட்டணம் கிடையாது, நடைபாதை சமதளம், முட்டி நோகாது. நம் ஊரில் ஏழு மணிக்கு மேல்தான் விடிகிறது; ஏழரையிலிருந்து ஒன்பதரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஓடைப் பக்கம் வெண்மார்பு மீன்கொத்தி, மரஉச்சியில் மாங்குயில், பூச்செடியில் தேன்சிட்டு. வாலடியில் மஞ்சள் பூசியதுபோல் இருந்தால் அது சின்னான் வகை. மலாய்க்கார நண்பர்கள் மெர்பா என்பார்கள். நாசி லெமாக் பொட்டலத்தைக் கையில் ஆட்டிக்கொண்டு போகாதீர்கள். அங்குள்ள குரங்குகள் அனுமதி கேட்பதில்லை.

5. கைப்பேசியின் உதவி

பறவையின் குரலைக் கேட்டு அது எதுவென்று சொல்லும், அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி இலவசம். நம் பகுதிக்கான பறவைத் தொகுப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிவிடுங்கள். வயதாக ஆகக் காது முதலில் இழப்பது கீச்சொலிகளைத்தான். தேன்சிட்டு தலைக்கு மேலே கத்தினாலும் கேட்காது, செயலிக்குக் கேட்கும். ஆனால் அது சொல்வது ஊகம்தான். கண்ணால் பார்க்காததைக் குறிப்பேட்டில் எழுதாதீர்கள்.

பிற்சேர்க்கை: வாசகர் ஒருவர், "எல்லாம் சரியாக வைத்திருந்தேன், திடீரென்று மங்கலாகிவிட்டது" என்று எழுதியிருந்தார். விசாரித்தால், கண்புரை அறுவை செய்துகொண்டிருக்கிறார்! அறுவைக்குப் பிறகும், புதுக் கண்ணாடி மாற்றினாலும், இரண்டாம் படியை மறுபடி செய்ய வேண்டும்.

இன்னொருவர் கேட்டது வில்லையில் படர்ந்த வெள்ளை நூல் பற்றி. அது பூஞ்சை. நம் ஈரக்காற்றில் தோலுறைக்குள் பூட்டி வைத்தால் வரத்தான் செய்யும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் வகைச் சிலிக்கா ஜெல் மணிகளோடு வையுங்கள். மணிகள் நிறம் மாறியதும் மாற்றிவிடுங்கள்.