கரண்ட் போய் டேட்டாபேஸ் படுத்துடுச்சா, இப்படி மீட்டு எடுங்க

கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரில இலை எடை போடுற சிஸ்டத்த நான்தான் பாத்துக்குறேன், போன மழைல கரண்ட் போய் போய் வந்ததுல மைஎஸ்க்யூஎல்ங்கிற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் ஸ்டார்ட்டே ஆகல. விவசாயிங்களுக்கு காசு போறதே இந்த கணக்க வச்சுதான், ஒரு வரி கூட போகக்கூடாது.

அவசரப்பட்டு ரிப்பேர் எதுவும் ஓட்டாதீங்க. சர்வீஸ நிறுத்திட்டு டேட்டா ஃபோல்டர பின்லாக் ஃபைலோட (டேட்டாபேஸ்ல நடக்குற ஒவ்வொரு மாத்தமும் வரிசையா பதிவாகுற ஃபைல்) சேத்து அப்படியே வேற டிஸ்க்குக்கு காப்பி பண்ணிடுங்க, ஏன்னா பேக்கப் எடுத்தப்புறம் ஏறின என்ட்ரி எல்லாம் அந்த பின்லாக்லதான் இருக்கு, 8.0 வெர்ஷன்ல அது தானாவே ஆன்ல இருக்கும்.

அடுத்து டம்ப் ஃபைலோட, அதாவது பேக்கப்பா எடுத்து வச்ச ஃபைலோட கடைசி வரிய பாருங்க. ‘டம்ப் கம்ப்ளீட்டட்’னு தேதியோட இருக்கணும், இல்லன்னா பாதில நின்ன ஃபைல், முந்தின நாளோடத எடுங்க.

ரீஸ்டோர வேற மெஷின்ல, அதே வெர்ஷன்ல பண்ணுங்க. சோர்ஸ் டேட்டா ஆப்ஷன் போட்டு எடுத்த டம்ப்னா மேலயே பின்லாக் பேரும் பொசிஷனும் (அந்த பின்லாக்ல எந்த இடம் வரைக்கும் பேக்கப்ல வந்திருக்குங்கிற எண்) இருக்கும், அங்கருந்து மைஎஸ்க்யூஎல்பின்லாக் டூல வச்சு மிச்சத்த ஓட்டுங்க. யாராச்சும் டேபிள தெரியாம அழிச்சிருந்தா அதுக்கு கொஞ்சம் முன்னாடியே நிறுத்திக்கணும்.

ஓடி முடிஞ்சதும் ரசீது புக்க எடுத்து கடைசி பத்து ரசீத ஒண்ணொண்ணா ஒத்து பாருங்க. எனக்கு கடைசி ரசீது 42 கிலோ, ஸ்க்ரீன்லயும் அதே 42.