டாக்டர் எத்தனை பேர் என்று கேட்பதற்கு முன்னால்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, இருபது வருடமாகச் சர்க்கரை. மாத்திரை வாங்க விடியும் முன்பே கிளம்பிப் போய் வரிசையில் உட்காருவார், மத்தியானம் திரும்பி வருவார். அத்தனை வருடத்தில் ஒருவர்கூட அவரைச் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்த்ததில்லை. கடைசியில் புண் முற்றி இரண்டு விரலை எடுத்தார்கள். அங்கே டாக்டர் இருந்தார், நர்ஸ் இருந்தார். பாதம் பார்ப்பது யார் வேலை, அதற்கு எத்தனை நிமிடம் என்று மட்டும் யாரும் கணக்குப் போட்டு வைக்கவில்லை.

ஒரு நாட்டுக்குத் தேவையான மருத்துவப் பணியாளர்களைத் திட்டமிடும்போது நடக்கும் முதல் தவறு இதுதான்: நோயை எண்ணாமல் ஆட்களை எண்ணுவது. ஆயிரம் பேருக்கு டாக்டர், நர்ஸ், மருத்துவச்சி எல்லாரும் சேர்த்து 4.45 பேர் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் ஓர் அளவு சொன்னது. நாடுகளை ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். ஆனால் அதையே திட்டமாக எடுத்துக்கொண்டால் சராசரிக்குள் எல்லாம் மறைந்துவிடும். தென்னாப்பிரிக்காவில் நூற்றுக்கு ஏறத்தாழ 84 பேர் அரசு மருத்துவத்தை நம்பியிருக்கிறார்கள், காப்பீடு உள்ள மிச்சப் பேருக்குத்தான் தனியார் பக்கம் டாக்டர்கள் நெருக்கமாக இருக்கிறார்கள். இரண்டையும் கூட்டி வகுத்தால் வரும் எண் வரிசையில் நிற்கிற யாருக்கும் பொருந்தாது.

சரி, எப்படித்தான் எண்ணுவது? வேலைப்பளுவை வைத்துக் கணக்கிடும் முறை ஒன்றை உலக சுகாதார நிறுவனமே கொடுத்திருக்கிறது, இங்கேயும் கிளினிக்குகளுக்கு அதை வைத்து அளவு வகுத்தார்கள். ஒரு கிளினிக்கில் 3,000 சர்க்கரை நோயாளிகள், வருடத்துக்கு ஆறு முறை வருகிறார்கள், ஒவ்வொரு முறையும் 15 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 4,500 மணி நேரம். ஒரு நர்ஸுக்கு விடுமுறை, பயிற்சி, உடம்பு சரியில்லாத நாள் எல்லாம் போக வருடத்தில் 210 நாள், நாளுக்கு 7 மணி நேரம் கிடைத்தால் 1,470 மணி. ஆக, சர்க்கரைக்கு மட்டுமே மூன்று நர்ஸ். பாதம் பார்க்க ஐந்து நிமிடம் கூட்டினால் நாலு பேர் வேண்டும். அந்த நாலாவது ஆள் இல்லாததால்தான் ஆயாவின் விரல் போனது என்று நான் நம்புகிறேன்.

எல்லாவற்றுக்கும் டாக்டர்தான் வேண்டும் என்று நினைப்பது அடுத்த தவறு. 2004இல் எச்ஐவி மருந்தை அரசு கொடுக்க ஆரம்பித்தபோது டாக்டர்தான் தொடங்கி வைக்க வேண்டும் என்று இருந்தது. 2010 முதல் பயிற்சி பெற்ற நர்ஸே தொடங்கலாம் என்று ஆனது. இன்றைக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த மருந்தில் இருக்கிறார்கள், டாக்டருக்காகக் காத்திருந்தால் இது நடந்திருக்கவே நடந்திருக்காது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அதே உறுதியோடு ஏன் செய்யக் கூடாது?

எனக்கு மிகவும் வயிறு எரிவது படிக்க வைத்துவிட்டு வேலை கொடுக்காத தவறில்தான். இங்கே டாக்டர் ஆக ஆறு வருடப் படிப்பு, இரண்டு வருடப் பயிற்சி, ஒரு வருடக் கட்டாயச் சமூகச் சேவை, ஆக ஒன்பது வருடம். பட்ஜெட்டோ மூன்று வருடத்துக்குத்தான் போடுகிறார்கள். கல்வித் துறை இடத்தைக் கூட்டுகிறது, நிதித் துறை பதவிகளை நிறுத்தி வைக்கிறது. 2024 தொடக்கத்தில் எல்லாம் முடித்த நூற்றுக்கணக்கான டாக்டர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள், வரிசையோ ஒரு அடிகூடக் குறையவில்லை. 2025இல் 1,200 டாக்டர்களை எடுப்பதாக அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் இன்று சேர்கிற மாணவருக்கு ஒன்பது வருடம் கழித்துச் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதை இன்றே எழுதி வைக்காவிட்டால் இதே நிலைமை திரும்ப வரும்.

அப்புறம், ஆளையும் கருவியையும் தனித்தனியாகத் திட்டமிடுவது. எங்கள் மாகாணமான குவாசுலு-நேட்டாலில் கதிர்வீச்சு இயந்திரங்கள் பழுதாகி, புற்றுநோய் மருத்துவர்கள் விலகிப் போய், நோயாளிகள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அவர்களுடைய உரிமை மீறப்பட்டது என்று மனித உரிமை ஆணையம் 2017இல் சொன்னது. வேலை செய்ய இயந்திரம் இல்லாத இடத்தில் எந்த நிபுணர் தங்குவார்?

திட்டத்தைத் தலைநகரில் மட்டும் போடுவதும் தவறுதான். 2003ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டப்படி நம் கிளினிக்குகளுக்கு மக்கள் குழு இருக்க வேண்டும். கோயில் கமிட்டிக்கு நேரம் ஒதுக்குகிறோம் இல்லையா, அதே மாதிரி அந்தக் குழுவிலும் போய் உட்காருங்கள். நம் பகுதியில் சர்க்கரை உள்ளவர்கள் எத்தனை பேர், அவர்கள் பாதத்தைப் பார்ப்பது யார், அதற்கு எத்தனை நிமிடம் என்று கேட்டு, கிடைக்கிற பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.