பழைய ஸ்ட்ராட் அசலா, ஒட்டுப்போட்டதா? திறந்து பார்க்கும் முறை

1954-இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரில் லியோ ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) என்ற எலெக்ட்ரிக் கிட்டாரைக் கொண்டுவந்தபோது, கழற்றி மாட்டச் சுலபமாக இருக்க வேண்டும் என்றே அதை அமைத்தார். நெக்கை, அதாவது விரல் ஓடும் நீளக் கழுத்தை, பாடியோடு பசை போட்டு ஒட்டவில்லை, நான்கு ஸ்க்ரூதான். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் மூன்று பிக்அப், சுவிட்ச், குமிழ்கள் எல்லாம் ஒரே பிக்கார்டில் (முன்பக்கத்து மூடித் தகட்டில்) தொங்கும். ரிப்பேர் செய்பவருக்குப் பெரிய வரம். ஆனால் 1965 ஜனவரியில் அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சி.பி.எஸ் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு ஃபெண்டர் கம்பெனியை வாங்குவதற்கு முன் செய்த ஸ்ட்ராட்டுகள் இன்று பல லட்சம் ரூபாய்க்குப் போகின்றன, அதனால் அந்த வரமே வாங்குபவருக்குத் தலைவலி: ஒன்றின் நெக், இன்னொன்றின் பாடி, எங்கிருந்தோ வந்த பிக்அப் என்று யாரும் சேர்த்துவிடலாம்.

தேவையானவை கொஞ்சம்தான். நெக்குக்கு 2-ஆம் எண் பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர், பிக்கார்டுக்கு 1-ஆம் எண், ஒரு கேப்போ (கம்பிகளை நெக்கோடு அழுத்திப் பிடிக்கும் கவ்வி), டார்ச், மல்டிமீட்டர், கீழே விரிக்கக் கெட்டியான துண்டு. சொந்தக்காரரிடம் கேட்டு, அவர் எதிரிலேயே திறங்கள்.

1. சீரியல் எண்ணைக் கடைசிக்குத் தள்ளுங்கள்

எல்லோரும் முதலில் பின்புறத் தகட்டைத் திருப்பி எண்ணைத்தான் பார்ப்பார்கள். அந்தத் தகடுகள் ஃபேக்டரியில் பெட்டியில் கிடந்தன, கைக்கு வந்ததை எடுத்து மாட்டினார்கள். பிங்க் ஃப்ளாய்ட் கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மோர் வைத்திருந்து 2019-இல் ஏலத்தில் 18 லட்சம் டாலருக்கு மேல் போன ஸ்ட்ராட்டின் எண் 0001. ஆனால் அது முதல் ஸ்ட்ராட் இல்லை, அதன் நெக்கில் 1954 ஜூன் என்றும் பாடியில் செப்டம்பர் என்றும் இருக்கிறது. தவிர, தகடு நான்கு ஸ்க்ரூவில் கழன்று வரும் சாமான்.

2. திறக்காமலே தெரிவது

பிக்கார்டின் ஸ்க்ரூக்களை எண்ணுங்கள். 1959 வரை ஒற்றை அடுக்கு வெள்ளைத் தகடு, 8 ஸ்க்ரூ. அதன்பின் மூன்று அடுக்கு, 11 ஸ்க்ரூ. இந்த இரண்டாவது வகை செல்லுலாய்டு, வயதானால் லேசான பச்சை ஏறும், சுருங்கும், ஸ்க்ரூ ஓரத்தில் விரிசலும் விடும். அறுபது வருடப் பிக்கார்டு பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

அடுத்து நெக். 1959 நடுவரை முழுக்க மேப்பிள். ட்ரஸ் ராடை (நெக் வளையாமல் காக்கும் உலோகக் கம்பியை) பின்னாலிருந்து நுழைத்து அந்தப் பள்ளத்தை வால்நட் பட்டையால் மூடினார்கள், பின்பக்கத்தில் கறுப்புக் கோடு போலத் தெரியும். அப்புறம் ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டு (விரல் வைக்கும் மேல்பலகை) வந்தது, ராடை முன்னாலிருந்தே போட்டதால் கோடு போய்விட்டது. 1962 நடுவரை ரோஸ்வுட் தட்டையான அடிப்பாகம் கொண்ட தடித்த பலகை, அதற்குப்பின் வளைந்த மெல்லிய பலகை. நெக்கின் அடிமுனையை ஓரத்திலிருந்து பார்த்தால் இந்த வித்தியாசம் தெரிந்துவிடும். (அப்போது பிரேசில் ரோஸ்வுட். 1960-களின் பின்பாதியில்தான் நம் ஈட்டி மரம் அந்த இடத்துக்கு வந்தது.)

3. நெக்கைக் கழற்றுதல்

முதல் ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் முதலாவதில்) கேப்போவை மாட்டிவிட்டுக் கம்பிகளைத் தளர்த்துங்கள், அப்போதுதான் சுற்றுகள் குலையாது. கிட்டாரைக் குப்புறப் போட்டு நான்கு ஸ்க்ரூவையும் கொஞ்சம் கொஞ்சமாக, மாறி மாறித் தளர்த்தி எடுங்கள். ஸ்க்ரூடிரைவரை நன்றாக அழுத்திப் பிடிக்க வேண்டும், தலை வழுக்கித் தேய்ந்தால் அந்தத் தேய்மானமும் இனி அந்தக் கிட்டாரின் சரித்திரம்.

நெக்கின் அடியில் டார்ச் அடியுங்கள். 1962 தொடக்கம் வரை பென்சிலில் எழுதிய மாதமும் வருடமும் இருக்கும், பிறகு மை முத்திரை. அதன் கடைசியில் வரும் A, B போன்ற எழுத்து நெக்கின் அகலத்தைச் சொல்வது, தரத்தை இல்லை. எழுத்து மங்கியிருந்தால் தேய்க்காதீர்கள், துடைக்கவே வேண்டாம், சாய்வாக வெளிச்சம் விட்டுப் போட்டோ எடுத்தால் போதும்.

4. பிக்கார்டைத் தூக்குதல்

தனித்தனியாக எதையும் பிடுங்காமல் பிக்கார்டை மெல்லத் திருப்புங்கள், ஜாக்குக்கும் ட்ரெமலோ (கம்பிகளின் சுருதியை ஆட்டும் அமைப்பு) ஸ்பிரிங் குழிக்கும் போகிற ஒயர் நீளம் குறைவு. உள்ளே இருப்பது துணி சுற்றிய ஒயரா என்று பாருங்கள். 1962 கிட்டார் என்கிறார்கள், பிளாஸ்டிக் உறை ஒயர் இருக்கிறது என்றால் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

குமிழுக்கு அடியில் இருக்கும் ‘பாட்’ (பொட்டென்ஷியோமீட்டர், குமிழைத் திருப்பினால் மின்தடையை மாற்றும் பாகம்), அதன் உலோக மூடியில் ஓர் எண் குத்தியிருக்கும். 3046320 என்று வைத்துக்கொள்வோம். 304 என்றால் ஸ்டாக்போல் கம்பெனி (137 என்றால் சி.டி.எஸ்), 63 வருடம், 20 அந்த வருடத்தின் வாரம். பாட் மாற்றப்படாதிருந்தால் கிட்டார் அந்தத் தேதிக்கு முந்தியதாக இருக்க முடியாது, பிந்தியதாக இருக்கலாம். ஏனெனில் மொத்தமாக வாங்கி வைத்துப் பல மாதம், சில சமயம் வருடக்கணக்கில்கூட மாட்டியிருக்கிறார்கள்.

பெயின்ட்டையும் இங்கேதான் சோதிக்க வேண்டும். பிக்கார்டுக்கு அடியில் வெயில் படாததால் அசல் நிறம் அப்படியே இருக்கும், வேறொரு நிறத்தின் விளிம்பு எட்டிப் பார்த்தால் மறு பெயின்ட். மறு பெயின்ட் என்றாலே விலை பாதிக்குப் பக்கம் விழுந்துவிடும் என்பது வியாபாரிகளின் பொதுக் கணக்கு. வாசிக்க மட்டும் வாங்குபவருக்கு அதைவிட நல்ல பேரம் கிடையாது என்பேன்.

5. பிக்அப்

இதற்குச் சால்டரைத் தொடவே வேண்டாம். ஜாக்கில் கேபிளைச் செருகி, வால்யூமை 10-இல் வைத்து, கேபிளின் மறுமுனையில் மல்டிமீட்டரை வையுங்கள். சுவிட்சை மாற்றி மாற்றி ஒவ்வொன்றையும் அளந்தால் 5.5 முதல் 6.5 கிலோ ஓம் வரை காட்டுவது வழக்கம். 250 கிலோ ஓம் பக்கம் காட்டினால் சுருள் அறுந்திருக்கிறது, நீங்கள் அளப்பது வால்யூம் பாட்டை மட்டும்தான்.

6. திரும்ப மாட்டுதல்

ஒவ்வொரு ஸ்க்ரூவையும் முதலில் எதிர்ப்பக்கமாகச் சுற்றுங்கள். பழைய புரியில் விழும்போது சின்னதாக ஒரு ‘டிக்’ கைக்குத் தெரியும், அதன்பிறகு முறுக்குங்கள். இல்லாவிட்டால் மரத்தில் புதுப் புரி வெட்டி ஓட்டை தளர்ந்துவிடும். நெக் ஸ்க்ரூ நான்கையும் குறுக்கு நெடுக்காக இறுக்கி, கேப்போவை எடுத்துவிட்டு ட்யூன் செய்யுங்கள், ஸ்பிரிங் எல்லாம் பழைய நிலைக்கு வர நேரமாகும் என்பதால் கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு தடவையும் ட்யூன் பாருங்கள்.