பின்கட்டில் தேங்கிய தண்ணீர்

காரைக்குடி வீட்டுப் பின்கட்டில் ஐப்பசி மழைத் தண்ணீர் நின்று சுவரடியில் ஓதம் ஏறியது. முதலில் வந்த கான்ட்ராக்டர் தரையில் பதிக்கும் பேவர் கல் டிசைன்களையே காட்டினார். தண்ணீர் எங்கே போகும் என்றால் பதில் இல்லை. அனுப்பிவிட்டேன்.

அடுத்தவர் வந்ததும் தண்ணீர் நிரப்பிய டியூபை வைத்துத் தரை மட்டம் பார்த்தார். "வாட்டம் வீட்டைப் பாத்து இருக்குண்ணே." தரைச் சரிவைத்தான் சொன்னார். அப்போதே இவர்தான் என்று முடிவு செய்தேன். 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் வெளிப்பக்க வாட்டம், கல்லுக்கு அடியில் இறுக்கிய ஜல்லி, ஓரத்தில் கம்பி மூடி போட்ட வாய்க்கால், மண் தங்க ஒரு தொட்டி, பிறகு உறிஞ்சு குழி. எல்லாவற்றையும் அளவோடு எழுதி வாங்கினேன். கடைசித் தவணை மழை பார்த்த பிறகுதான் என்றதும் முகம் சுளித்தார், ஒத்துக்கொண்டார்.

ஆச்சி செட்டிநாட்டுத் தரை ஓடான ஆத்தங்குடிக் கல்லே போடச் சொன்னார்கள். கூடத்துக்கு அழகு, நனைந்தால் வழுக்கும். சொரசொரப்பான கல்தான் போட்டோம்.