கோதுமையை நிறுத்துவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

எனக்கு வயது 56. பதினெட்டு ஆண்டுகளாகத் தைராய்டு, பதினொரு ஆண்டுகளாகச் சர்க்கரை, ஆறு ஆண்டுகளாக முடக்கு வாதம். இவை போதாதென்று, எவ்வளவு மாத்திரை விழுங்கினாலும் ரத்தத்தில் இரும்புச்சத்து ஏறாமல் இருந்தது. இரவு சாப்பிட்டு அரை மணி நேரத்தில் வயிறு பானை போல உப்பிவிடும். போன சித்திரையில் பக்கத்து வீட்டுப் பெண், "அக்கா, கோதுமையை விட்டுப் பாருங்கள், எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம்" என்று சொன்னாள். அன்று இரவே சப்பாத்தியை நிறுத்தினேன். யாரையும் கேட்கவில்லை. அதற்கு நான் கொடுத்த விலையைச் சொன்னால், அடுத்தவர் அதைக் கொடுக்காமல் தப்பலாம்.

முதலில் பரிசோதனை. கோதுமையைத் தொடர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும். கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் சிலருக்கு மட்டும் சிறுகுடலின் உள்சுவரை அரித்துவிடுகிறது. அதற்குச் சீலியாக் நோய் என்று பெயர். நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்குக் கோதுமையின் மேல் முன்பே சந்தேகம் இருந்தது. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது இந்த நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி நலிந்தார்கள். 1950இல் அவர் இதைத் தம் ஆய்வேட்டில் விளக்கினார். சோறு தின்னும் நம் பக்கத்தில் இந்த நோய் வட இந்தியாவைவிட மிகவும் குறைவு. ஆனாலும் டைப் 1 சர்க்கரை, உடலின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்குவதால் வரும் தைராய்டு, காரணம் தெரியாத இரும்புச்சத்துக் குறைவு, சிறு வயதிலேயே எலும்புத் தேய்மானம், ரத்த உறவில் ஒருவருக்கு இந்த நோய் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் பார்த்துவிடுவது நல்லது. எனக்கு இரண்டு இருந்தன.

பார்ப்பது ரத்தப் பரிசோதனைதான். டிடிஜி-ஐஜிஏ என்று எழுதிக் கொடுப்பார்கள். கூடவே மொத்த ஐஜிஏ அளவையும் கேட்டு வாங்குங்கள். ஐஜிஏ என்பது ரத்தத்திலுள்ள ஒரு வகை எதிர்ப்பொருள், சிலருக்கு அது பிறவியிலேயே குறைவாக இருக்கும். அவர்களுக்கு நோய் இருந்தாலும் முதல் பரிசோதனை 'இல்லை' என்று காட்டிவிடும். ரத்தத்தில் தெரிந்தால் பெரியவர்களுக்கு எண்டாஸ்கோப்பி செய்து, சிறுகுடலின் தொடக்கத்தில் பல இடங்களில் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். கோதுமையை விட்டுச் சில மாதங்கள் ஆனால் குடல் ஆறத் தொடங்கும், ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளும் குறையும். அப்போது ரிப்போர்ட்டை நம்ப முடியாது. நான் மூன்று மாதம் கழித்து ஆடியில் வயிற்று டாக்டரிடம் போனபோது அவர் கையை விரித்துவிட்டு, "அம்மா, இனி ஆறு வாரம் தினமும் இரண்டு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு வாருங்கள்" என்றார். அந்த ஆறு வாரமும் இரவில் தூக்கமில்லை. ஏற்கெனவே விட்டவர்கள், மறுபடி சாப்பிடவே முடியாதவர்கள், மரபணுப் பரிசோதனை பற்றிக் கேட்கலாம். அந்த மரபணுக்கள் இல்லையென்றால் சீலியாக் பெரும்பாலும் இல்லை. இருந்தால் நோய் இருக்கிறது என்று பொருளல்ல, மூன்றில் ஒருவருக்கு அவை உண்டு.

இரண்டாவது, உங்களுக்கு மாத்திரை எழுதும் எல்லா டாக்டர்களுக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். நான் சொல்லாமல் விட்டதன் பலன், சப்பாத்தியை நிறுத்திய இரண்டாம் வாரத்திலேயே தெரிந்தது. காலையில் கோதுமை ரவை உப்புமாவுக்குப் பதில் ஒரு கிண்ணம் பப்பாளி மட்டும் சாப்பிட்டேன். சர்க்கரைக்கான கிளிமெபிரைடு மாத்திரையை வழக்கம் போலப் போட்டுக்கொண்டேன். பதினொரு மணிக்குத் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் நிற்கும்போது கண் முன்னே பஸ்ஸின் பெயர்ப் பலகை இரண்டிரண்டாகத் தெரிந்தது. பின்கழுத்தில் வேர்வை குளிர்ந்து வழிந்தது. பையில் இருந்த சர்க்கரை பார்க்கும் கருவி 58 என்று காட்டியது. தேநீர்க் கடைக்காரர் கேள்வி கேட்காமல் மூன்று கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கையில் கொடுத்தார். கால் மணி நேரத்தில் 91. தானியத்தைக் குறைத்தால் சில சர்க்கரை மாத்திரைகளின் அளவையும் இன்சுலினையும் டாக்டர் மாற்ற வேண்டியிருக்கும். நாமாக மாற்றக் கூடாது, சொல்லாமலும் இருக்கக் கூடாது.

தைராய்டு மாத்திரையிலும் இதே கவனம் வேண்டும். சீலியாக் உள்ளவருக்குக் குடல் புண்ணாக இருப்பதால் மாத்திரை சரியாக உறிஞ்சப்படாது, அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். கோதுமையை விட்டுக் குடல் ஆறியதும் அதே அளவு அதிகமாகிவிடலாம். படபடப்பு வரும், எடை குறையும், கை நடுங்கும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளைத் தைராய்டு மாத்திரையிலிருந்து நான்கு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். இரும்பு மாத்திரையோடு தேநீர் வேண்டாம். எனக்கு இரும்பு ஏறாததற்கு, எட்டு மணிக்கு இரண்டையும் சேர்த்து விழுங்கித் தேநீரும் குடித்தது ஒரு பெரிய காரணம். பல ஆண்டுகள் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மூன்றாவது, சப்பாத்திக்குப் பதில் என்ன என்பது. சர்க்கரைக்காரர்களுக்கு இதுதான் கடினம். இரவில் சோறு வேண்டாம், சப்பாத்தி சாப்பிடுங்கள் என்று நமக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அதை எடுத்தால் தட்டில் மிஞ்சுவது இட்லியும் சோறும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து நான் பார்த்த எண்கள் இவை: இரண்டு சப்பாத்தி, பருப்புக் கூட்டு, 165. நான்கு இட்லி, சட்னி, 208. ராகிக் கஞ்சி ஒரு பெரிய தம்ளர், 231. அதே ராகியை முருங்கைக்கீரை போட்டு இரண்டு அடையாகச் சுட்டபோது 172. சிறுதானியம் என்றாலே சர்க்கரை ஏறாது என்று நம்பிக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடிப்பவர்கள் தயவுசெய்து ஒரு முறை குத்திப் பாருங்கள். உங்கள் எண் என் எண்ணாக இருக்காது. எனக்கு ஒத்துவந்தவை சாமைச் சோறு அளவாக, பாசிப்பயறு தோசை, கொண்டைக்கடலைச் சுண்டல். கம்பில் தைராய்டின் வேலையைத் தடுக்கும் பொருள்கள் சில உண்டு என்பதால் நான் அதை வாரம் ஒரு நாளோடு நிறுத்திக்கொண்டேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பயறும் கீரையும் கூட்டுவதற்கு முன்னால் டாக்டரைக் கேளுங்கள். 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்ட பிஸ்கட்டுகளை நல்ல மாற்று என்று எண்ண வேண்டாம். அவற்றில் பல, ஸ்டார்ச்சும் சர்க்கரையும்தான்.

ரிப்போர்ட்டில் சீலியாக் உறுதியானால், பேச்சுக்கே இடமில்லை. வாழ்நாள் முழுவதும், துளிகூட இல்லாமல் விட வேண்டும். என் மதினியின் தங்கை மகனுக்கு ஒன்பது வயதில் டைப் 1 சர்க்கரையோடு இதுவும் தெரிந்தது. மைதா, ரவை, சேமியா, சம்பா கோதுமை, பார்லி, மால்ட் பானங்கள் எல்லாம் அந்த வீட்டில் போய்விட்டன. அப்படியும் பையனுக்குத் தேறவில்லை. பிறகுதான் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படித்தார்கள், கோதுமை மாவு என்றே அச்சிட்டிருந்தது. கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலப்பது வழக்கம். சாம்பார்ப் பொடி, ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றிலும் அது புகுந்துவிடுகிறது. அடுத்தது மாவு மில். கோதுமை அரைத்து முடித்த அதே இயந்திரத்தில் நம் அரிசியைக் கொட்டினால் முதலில் விழும் மாவு பழுப்பாக இருக்கும். அந்தப் பழுப்புதான் கோதுமை. இப்போது அந்த வீட்டில் அரிசியைக் கழுவி உலர்த்தி மிக்ஸியிலேயே அரைக்கிறார்கள். தோசைக்கல், சல்லடை, பூரிக்கட்டை எல்லாம் அவனுக்குத் தனி. ஓட்ஸில் இயல்பாகக் குளூட்டன் இல்லையென்றாலும் கோதுமையோடு கலந்து வருவது அதிகம், அதனால் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட்டதை டாக்டரைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். நம் நாட்டு விதிப்படி அந்த முத்திரைக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. மருந்துக் கடையில் மாத்திரைகளையும் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு ரத்தத்திலும் சீலியாக் இல்லை, இரும்புக் குறைவுக்காக எடுத்த குடல் துணுக்கிலும் இல்லை. அதன் பிறகும் விட்டுப் பார்க்க ஆசையிருந்தால், சர்க்கரை டாக்டரிடமும் மூட்டு டாக்டரிடமும் சொல்லிவிட்டு, ஆறு வாரம் என்று நாள் குறித்துச் செய்யலாம். பல நோய் உள்ளவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: அந்த ஆறு வாரத்தில் அவசியமில்லாமல் வேறு எந்த மாற்றமும் வைத்துக்கொள்ளாதீர்கள். முதல் தடவை நான் சப்பாத்தியை நிறுத்திய அதே வாரம்தான் மூட்டு டாக்டர் முடக்கு வாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தார். ஒரு மாதத்தில் விரல்கள் நன்றாக மடங்கத் தொடங்கின. கோதுமையை விட்ட பலன் என்று தெருவெல்லாம் சொன்னேன். ஐப்பசியில் மாத்திரை எதையும் மாற்றாமல் முறையாக மறுபடி செய்தபோது மூட்டில் ஒரு வித்தியாசமும் இல்லை. என் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்ட ஒருவரிடம் போய், நான் சொன்னது தவறு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். சாப்பிட்டது, நேரம், இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை, வயிறு, விரல், தூக்கம். வயிற்றுக்கும் விரலுக்கும் பத்துக்கு எத்தனை என்று ஒரு மதிப்பெண். ஆறு வாரம் முடிந்ததும் கோதுமையைத் திரும்பச் சேர்த்து இரண்டு வாரம் அதே போல எழுதுங்கள். திரும்பச் சேர்க்காமல் விட்டால் பாதிக் கணக்குதான் கிடைக்கும்.

எனக்கு விடை அந்த இரண்டு வாரத்தில்தான் கிடைத்தது. வயிற்று உப்புசம் கோதுமையை விட்டபோது எட்டிலிருந்து மூன்றுக்கு வந்திருந்தது. மார்கழியில் சப்பாத்தியைத் திரும்பச் சேர்த்த முதல் நான்கு நாள், தொட்டுக்கொள்ளச் சுரைக்காய்க் கூட்டு, அப்போதும் மூன்றுதான். ஐந்தாம் நாள் வெங்காயமும் பூண்டும் வதக்கிய குருமா, ஏழு. நோட்டைக் காட்டியதும் வயிற்று டாக்டர் விளக்கினார். கோதுமையிலும் வெங்காயத்திலும் பூண்டிலும் ஃப்ரக்டான் என்ற ஒரே மாவுப்பொருள் இருக்கிறது, அது செரிக்காமல் குடலில் புளித்து வாயுவாகிறது. ஒன்றாகச் சேரும்போதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போது இரவில் இரண்டு சப்பாத்தி, வெங்காயம் இல்லாத பாசிப்பருப்புக் கூட்டு. காலை ஐந்தரைக்குத் தைராய்டு மாத்திரை, பகல் பன்னிரண்டுக்கு நெல்லிக்காய்ச் சாறோடு இரும்பு. உடலில் இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9இலிருந்து 34க்கு வந்திருக்கிறது. அடுத்த டிஎஸ்ஹெச் பரிசோதனை ஆடி கடைசியில். நோட்டில் இன்னும் பதினொரு பக்கம் மீதி இருக்கிறது.